எனக்காக விட்டுவைத்த பலகை

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்து, அது கணுக்கால், முழங்கால் என்று மேலே ஏறிக்கொண்டே வந்தால், தயவுசெய்து "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நான் அப்படி உட்கார்ந்திருந்தவள். துரோபதை அம்மன் என்னைக் கைவிடவில்லை. அதனால்தான் இன்று பேனா பிடித்து எழுதுகிறேன்.

என் பெயர் சரஸ்வதி. ஊர் நகரி பக்கம். எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்தேன். வீட்டுக்காரர் பவர்லூம் ஓட்டுகிறவர். ஒரு தறியை விற்றபோது அது நின்ற இடம் காலியாகிவிட்டது. அந்த இடத்தில் நான் ஒரு ஸ்க்ரோல் சா மிஷினைப் போட்டேன். தையல் மிஷினில் ஊசி ஏறி இறங்குவதுபோல இதில் நூல் மாதிரி ஒல்லியான ரம்பம் ஒன்று ஏறி இறங்கும். பலகையின்மேல் படம் வரைந்த காகிதத்தை ஒட்டி, இரண்டு கையாலும் பலகையைத் திருப்பித் திருப்பிக் கோட்டின்மேல் ஓட்ட வேண்டும். மயில், சங்கு சக்கரம், வீட்டுப் பெயர்ப் பலகை, எது வேண்டுமானாலும் அறுக்கலாம். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் பலகை மிஷின்மேல் நிற்கவே இல்லை. தவளை மாதிரிக் குதித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வாட்ஸப் குரூப்பில் சேர்ந்து கேட்டேன். சித்தூர், திருப்பதி, குப்பம், சத்தியவேடு என்று பல ஊர்க்காரர்கள், இதே மிஷின் வைத்திருப்பவர்கள், அதில் இருந்தார்கள். சித்தூரில் மரக்கடை வைத்திருக்கும் முனிரத்தினம் அண்ணாதான் முதலில் பதில் போட்டார்.

"பிளேடைத் தலைகீழா மாட்டிக்கினு கீறம்மா. பல்லு கீழ பார்க்கணும். விரலால மேல இருந்து கீழ தடவு, வழுக்கும். கீழ இருந்து மேல தடவு, பிடிக்கும். அப்படி இருந்தா சரி. வெக்கப்படாதே, இந்தக் குரூப்புல அந்தத் தப்பைப் பண்ணாதவன் ஒருத்தனும் இல்ல."

அந்த நாளிலிருந்து நான் அவர்களில் ஒருத்தி.

எங்கள் குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. அறுத்து முடித்த பலகையை ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் போட்டோ போட வேண்டும். மேசையில் வைத்து எடுத்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். பின்னால் வெளிச்சம் இருந்தால் ரம்பம் எங்கே அலைந்தது என்பது முடி அளவுக்குத் தெரிந்துவிடும். பார்க்கிறவர்கள் முதலில் ஒரு நல்லது சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ஒரே ஒரு குற்றம் சொல்ல வேண்டும். குற்றம் சொல்லாமல் வெறுமனே "சூப்பர்" போட்டுவிட்டுப் போனால் முனிரத்தினம் அண்ணாவுக்குக் கோபம் வந்துவிடும். "இன்னா, கல்யாண வீட்டுக்கா வந்தே?" என்று கேட்பார்.

என் மகள் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த காலத்தில் எங்கள் ஊர் துரோபதை அம்மனிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். கல்யாணம் கூடினால் அம்மனுக்குப் பின்னால் நிற்கிற திருவாசியை, அந்த வளைவு அலங்காரத்தை, தேக்கில் என் கையாலேயே அறுத்து வைக்கிறேன் என்று. கல்யாணம் நடந்தது. மகள் சத்தியவேட்டில் நன்றாக இருக்கிறாள். நானும் மரம் வாங்கி வேலையை ஆரம்பித்தேன். இரண்டு பக்கத் தூணும் முடிந்தன. அன்னம், கொடி, வளைவு, உச்சியில் யாளி முகம், இவ்வளவும் பாக்கி. வைகாசியில் திருவிழா. பங்குனியில் நான் படுத்துவிட்டேன்.

முதலில் சாதாரண வயிற்றுப்போக்குதான். அது நின்று கொஞ்ச நாள் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு செருப்பை எங்க வுட்டுட்டு வர்ற?"

குனிந்து பார்த்தேன். ஒரு கால் வெறுங்கால். செருப்பு கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பக்கத்தில் ஒரு டாக்டர் சத்து ஊசி போட்டார். மறுநாள் மிஷினில் உட்கார்ந்தேன். ரம்பத்தின் மேல்முனையைக் கவ்விப் பிடிக்கிற திருகை முடுக்க வேண்டும், அது ஒரு சின்ன வேலை. என் கட்டைவிரல் அதைச் செய்ய மாட்டேன் என்றது. பலகையைப் பிடித்தேன். பலகை கையிலிருந்து நழுவியது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. வீட்டுக்காரர் வந்து தூக்கினார்.

சித்தூரில் நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் சின்ன ரப்பர் சுத்தியால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். நன்றாக இருக்கிறவர்களுக்குக் கால் துள்ளுமாம். என் கால் அசையவில்லை. இன்னொரு கால், முழங்கை, மணிக்கட்டு, எங்கே தட்டினாலும் ஒன்றும் இல்லை. அவர் முகம் மாறியது. "இங்க வெச்சுப் பார்க்க முடியாது. இப்பவே திருப்பதிக்குக் கொண்டுபோங்க" என்றார்.

வீட்டுக்காரர் யாருக்குப் போன் செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் கிளம்புவதற்குள் முனிரத்தினம் அண்ணா சட்டையில் மரத்தூளோடு வந்து நின்றார். போட்டோவில் மட்டுமே பார்த்து, குரலில் மட்டுமே பழகிய மனிதர். டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எதுக்கு அண்ணா?" என்றேன்.

"கடையில இன்னிக்கி வேலை இல்லம்மா" என்றார். அன்று அவர் கடையில் ஒரு கதவுக்காக ஆள் வந்து காத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு பரிசோதனை செய்தார்கள். ஒன்று, கை காலில் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து, நரம்பில் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது. சுண்டினாற்போல வலிக்கும், தாங்கலாம். இன்னொன்று, முதுகெலும்புக்கு நடுவில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுப்பது. கேட்கும்போதுதான் பயம். குழந்தைபோலச் சுருண்டு படுக்கச் சொல்வார்கள், அசையாமல் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். நான் முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நோய்க்குக் கில்லன் பாரே என்று பெயர். டாக்டரம்மா தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி விளக்கினார். கரண்ட் வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா, அதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. வயிற்றில் வந்த கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய நம் உடம்பின் காவல்காரர்கள், ஆள் அடையாளம் தெரியாமல் அந்த உறையைக் கடித்துவிடுகிறார்கள். உறை போனால் மூளை சொல்வது கைக்குப் போய்ச் சேராது. உறை திரும்ப வளரும். மெதுவாகத்தான் வளரும்.

"கை பழையபடி வருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"முக்கால்வாசிப் பேருக்கு மேல நடக்கிறாங்கம்மா. முதல்ல மூச்சைப் பார்ப்போம். கையைப் பத்தி அப்புறம்."

நடப்பதைப் பற்றி நான் கேட்கவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மூச்சைப் பார்ப்பது என்றால் இதுதான். ஆழமாக மூச்சு இழுத்து, ஒரே மூச்சில் எண்ண வேண்டும். "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று நர்ஸ் தெலுங்கில் ஆரம்பித்து வைப்பாள். நான் தமிழில் எண்ணுவேன். அவள் சிரிப்பாள். எண்ணிக்கை ரொம்பக் கீழே போனால் தொண்டையில் குழாய் வைத்து மிஷினில் மூச்சு விட வைக்க வேண்டும் என்றார்கள். முதலில் முப்பது வரை போனது. அப்புறம் இருபது. ஒருநாள் பதினான்கில் நின்றுவிட்டது. நர்ஸ் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "பயப்படொத்து அம்மா" என்று மட்டும் சொல்லி நெற்றியைத் துடைத்துவிட்டாள். பயப்படாதே என்று அர்த்தம். அப்படிச் சொன்னதும்தான் எனக்குப் பயம் வந்தது.

பாட்டில் பாட்டிலாக ஒரு மருந்து ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து நல்ல காவல்காரர்களை மட்டும் பிரித்து எடுத்த மருந்தாம். பெயர் தெரியாத யார் யாரோ என் உடம்புக்குள் வந்து சண்டையை விலக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டிலைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டேன். கை கூப்ப முடியாது.

ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதி அரசாங்கக் கார்டில் போய்விட்டது. மிச்சத்துக்கு என் மிஷினை விற்றுவிடலாமா என்று வீட்டுக்காரர் யோசித்திருக்கிறார். அதை ஷமீமிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஷமீம் எங்கள் குரூப்தான். வேலூரில் பிறந்து திருப்பதிக்கு வாக்கப்பட்டவள். வீட்டுப் பெயர்ப் பலகை அறுப்பதில் அவள் கை தனி. தினமும் தூக்குப் போசியில் ரசம் சாதத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருவாள்.

"மிஷினை வித்துட்டா எங்கக்கா எழுந்து வந்து இன்னா பண்ணும்? உங்க தறியை ஓட்டுமா?" என்று வராந்தாவிலேயே வைத்துச் சண்டை போட்டிருக்கிறாள். "ஆஸ்பத்திரியில காசு கட்டுறதுக்கு ஆயிரம் வழி கீது அண்ணா. அந்த மிஷின் மேல மூடின துணியைத் தொட்டீங்கன்னாகூட, அவ்வளவுதான்."

என் வீட்டுக்காரர் ஊரில் யாருக்கும் அடங்காதவர். அவளுக்கு அடங்கினார். தன் தம்பியிடம் கேட்டு வாங்கிச் சமாளித்தார்.

ஐசியுவில் போன் கூடாது. பார்வை நேரத்தில் மட்டும் வீட்டுக்காரர் வந்து, நர்ஸ் அனுமதியோடு, போனை என் காதருகில் வைப்பார். முனிரத்தினம் அண்ணாவின் வாய்ஸ் மெசேஜ் இருக்கும். நலம் விசாரிப்பு ஒன்றும் இருக்காது. "ணிங்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்புறம் அவர் குரல்.

"சரசும்மா, பிளேடு மாட்டிக்கினு கீறேன். முறுக்கு சரியா கீதா?"

ரம்பத்தை மாட்டி முறுக்கேற்றியதும் விரலால் அதைச் சுண்டிப் பார்ப்போம். வீணைத் தந்தி மாதிரி கணீரென்று வந்தால் சரி. மந்தமாக வந்தால் லூசு, கோடு அலையும். குரூப்பில் எனக்கு அந்தக் காது உண்டு என்று சொல்வார்கள். கேட்டேன். லூசு.

"இன்னும் ஒரு சுத்து" என்றேன்.

நாக்குக் குழறியது, மூச்சு பத்தவில்லை. வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். பதிவு செய்து அனுப்பினார்.

மறுநாளும் "ணிங்". மறுநாளும் லூசு. "இன்னும் ஒரு சுத்து அண்ணா." அதற்கடுத்த நாளும் அதேதான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. என்ன மனிதர் இவர், இத்தனை வருஷ வேலைக்காரர், தினமும் ஒரு சுற்றை மறக்கிறாரே என்று. ஒருநாள் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "எத்தனை தரம் சொல்றது அண்ணா, இன்னும் ஒரு சுத்து திருகுங்கன்னு!" என்று கத்திவிட்டேன். ஐசியுவே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள். என் மூச்சைப் பார்த்துவிட்டு, "அம்மா, இப்ப எண்ணுங்க" என்றாள். இருபத்திரண்டு வரை போனது.

குழாய் வைக்கவில்லை. அம்மன் செயல்.

வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னல் வழியாக மலை தெரியும். விடியற்காலையில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு, விரல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். வலது சுண்டுவிரல் முதலில் அசைந்தது. உபயோகமில்லாத விரல் என்று இத்தனை நாள் நினைத்திருந்த விரல். வீட்டுக்காரர் அன்றே அலிபிரிக்குப் போய், நடந்தே மலையேறி, பெருமாளைப் பார்த்துவிட்டு வந்தார். கால் வீங்கிப் போய் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து எதிர்க் கட்டில் அம்மா, "ரெண்டு பேருல யாரு பேஷண்ட்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் திருவாசி ஞாபகம் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. திருவிழா நெருங்குகிறது. இரண்டு தூண் மட்டும் நிற்கிறது. என் கையால் என்று வேண்டிக்கொண்டது. அழுதேன். ஷமீம் ரசம் சாதத்தை ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப இன்னாத்துக்கு அழுற? கோயில் வேலைதானே? நாங்க அறுத்துக்கினு கீறோம்."

"யாரு?"

"எல்லாரும். கொடியைக் குப்பத்துக்காரங்க எடுத்துக்கினாங்க. அன்னம் ரெண்டும் எனது. வளைவு முனிரத்தினம் அண்ணா. உன் வீட்டுக்காரர் படத்தையெல்லாம் கொடுத்து அனுப்பி ரொம்ப நாளாச்சு. உனக்குச் சொல்ல வேணாம்னு அண்ணாதான் சொன்னாரு."

நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. "அப்போ என் வேண்டுதல்?" என்றேன். ஷமீம் கரண்டியை என் வாயில் வைத்தாள். "துன்னு முதல்ல" என்றாள்.

வைகாசியில் வீட்டுக்கு வந்தேன். வாக்கர் பிடித்து நாலு எட்டு நடப்பேன். கை தம்ளர் பிடிக்கும், சிந்தும். திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன்னால் வேனில் திருவாசி வந்து இறங்கியது. என்னை நாற்காலியில் வைத்துக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மனுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நான் அறுத்த தூண்களின் மேல் அவர்கள் அறுத்த கொடி ஏறி, அன்னம் உட்கார்ந்து, வளைவு வளைந்தது. எது யார் கை என்று எனக்குத் தெரியும். ஆனால் பார்க்கிற யாருக்கும் தெரியாது. அவ்வளவு சேர்ந்து இருந்தது. மேலே பார்த்தேன். உச்சியில் யாளி முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பலகை. படம் ஒட்டியிருந்தது. ரம்பம் நுழைப்பதற்கான துளைகள் மட்டும் போட்டிருந்தார்கள். ஒரு கோடுகூட அறுக்கவில்லை.

தர்மகர்த்தா பார்த்தார். "இன்னாய்யா இது, முக்கியமானதை வுட்டுட்டீங்க?"

"அது அவங்களுது" என்றார் முனிரத்தினம் அண்ணா, என்னைக் காட்டி.

"அவங்களுக்குத் தம்ளரே பிடிக்க வரலியே! நீங்களே அறுத்துக் குடுங்க. அம்மன் தலைக்கு மேல மொட்டைப் பலகையை வெச்சிக்கினு திருவிழா நடத்துறதா?"

"நான் அறுக்க மாட்டேன் சாமி. அவங்க வேண்டுதல் அது. துளை போட்டதே அவங்களுக்குக் கை வலிக்கக் கூடாதுன்னு."

"எப்ப அறுப்பாங்க?"

"கை வரும்போது அறுப்பாங்க."

தர்மகர்த்தா பூசாரியைப் பார்த்தார். பூசாரி சாமந்தி மாலை ஒன்றை எடுத்து, சுற்றிச் சுற்றி அந்தப் பலகையை மூடினார். "அம்மன் காத்துக்கினு இருப்பா" என்றார். திருவிழா முழுக்க உச்சியில் பூதான் இருந்தது. தீமிதி அன்று ஊரே திருவாசியைப் பார்த்துப் பேசியது. நான் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் பிசியோதெரபி. கோதுமை மாவு பிசை, உளுந்தில் கல் பொறுக்கு, ரப்பர் பந்தை அமுக்கு. மாவு பிசைந்து பிசைந்து வீட்டில் தினமும் சப்பாத்தி. வீட்டுக்காரர், "நான் வடக்கத்தியான் ஆயிட்டேன் சரசு, சோறு போடு" என்று கெஞ்சினார்.

ஆவணியில் மிஷினில் உட்கார்ந்தேன். பிளேடை எடுத்து மாட்டினேன். காலால் மிஷினை ஓட்டினேன். பலகை தவளை மாதிரிக் குதித்தது.

தலைகீழாக மாட்டியிருந்தேன். எப்படி என்றால், விரலால் தடவிப் பார்த்துத்தான் மாட்டினேன். ஆனால் விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. மேலே தடவினாலும் வழுக்குகிறது, கீழே தடவினாலும் வழுக்குகிறது. பல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் செய்த அதே தப்பில் போய் நின்றேன். மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

குரூப்பில் சொன்னேன். மறைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. ஷமீமிடமிருந்து பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. பிளேடு கட்டு. ஒவ்வொன்றின் மேல்முனையிலும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. சிவப்பு மேலே இருந்தால் பல் கீழே பார்க்கும். விரல் வேண்டாம், கண் போதும். போன் செய்தேன்.

"உன் நெயில் பாலிஷ் எல்லாம் தீர்ந்துபோயிருக்குமேடி."

"பர்வாலேது, இருக்கட்டும் அக்கா. என் வீட்டுக்காரர் ரம்பத்துக்குப் பொட்டு வெக்கறியா, பைத்தியமான்னு கேக்கறாரு."

அந்தப் பிளேடுகளை வைத்து ஒரு அரச இலை அறுத்தேன். ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் போட்டோ போட்டேன். வெளிச்சத்தில் பார்த்தால் இலையா அது, எலி கடித்த பப்படம். குரூப்பில் வந்து குவிந்தது. "அருமை அக்கா." "சூப்பர் அம்மா." "கண்ணுல தண்ணி வந்துடுச்சு." ஒருவர்கூடக் குற்றம் சொல்லவில்லை. முனிரத்தினம் அண்ணாகூட ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியபோதுகூட அப்படி வலிக்கவில்லை. இவர்கள் என்னை வேலைக்காரியாகப் பார்க்கவில்லை, நோயாளியாகப் பார்க்கிறார்கள். அன்றைக்குத்தான் இன்னொன்றும் புரிந்தது. முப்பது வருஷம் மரத்தோடு இருக்கிற மனிதர் தினமும் பிளேடை லூசாக மாட்டுவாரா? சுண்டிக் காட்டுவதற்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு சுற்றுத் தளர்த்தியிருக்கிறார். நான் பேச வேண்டும், கோபப்பட வேண்டும், மூச்சைச் சேர்க்க வேண்டும் என்று. அப்படிப்பட்டவரே இப்போது கும்பிடு போட்டுவிட்டுப் போகிறாரா?

போன் செய்தேன். "அண்ணா, குத்தம் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தை நிறுத்தினார்.

"இப்ப இல்லம்மா" என்றார். "இது பழகுறதுக்கு அறுத்தது. அந்த உச்சிப் பலகையை அறுத்துக்கினு வா. அதுக்குச் சொல்றேன். வுட மாட்டேன்."

பூசாரி பலகையைக் கழற்றிக் கொடுத்தார். குளித்து, அம்மனை நினைத்து, ஐப்பசி முழுக்க அறுத்தேன். கொஞ்ச நேரம் அறுத்தால் கை ஓய்ந்துவிடும். நிறுத்துவேன். யாளி முகத்தில் உள்வெட்டு நிறைய. ஒவ்வொன்றுக்கும் பிளேடை மேலே கழற்ற வேண்டும், துளையில் நுழைக்க வேண்டும், மறுபடி மாட்டி முறுக்கேற்ற வேண்டும். துளை எல்லாம் அண்ணா போட்டது, சரியான இடத்தில், சரியான அளவில். ஒவ்வொரு துளையிலும் பிளேடை நுழைக்கும்போது அவர் கையைத் தொட்டுவிட்டுப் போவதுபோல இருக்கும்.

கடைசி வெட்டு கண்ணுக்குள் இருக்கும் பொட்டு. பிளேடை எடுத்தேன். சிவப்பு மேலே இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்கப்புறம் பழைய பழக்கத்தில் கட்டைவிரலைக் கீழிருந்து மேலே ஓட்டினேன்.

பிடித்தது.

நம்பாமல் மறுபடி ஓட்டினேன். மேலிருந்து கீழே, வழுக்கியது. கீழிருந்து மேலே, சுருக்கென்று பிடித்தது. தறிச் சத்தத்தில் வீட்டுக்காரருக்குக் கேட்காது என்று எழுந்து போய் அவர் முகத்துக்கு முன்னால் கட்டைவிரலைக் காட்டினேன். அவர் தறியை நிறுத்தினார்.

"இன்னா, வெட்டிக்கினியா?"

"இல்லீங்க. பல்லு தெரியுது."

கார்த்திகை தீபத்தன்று மாலை யாளி முகத்தை உச்சியில் பொருத்தினார்கள். முனிரத்தினம் அண்ணா சித்தூரிலிருந்து வந்திருந்தார். ஷமீம் திருப்பதியிலிருந்து வந்திருந்தாள். எங்கள் கோயிலில் முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரர் காவல் தெய்வமாக வாசலில் நிற்கிறார். அவரைக் காட்டி, "எங்க ஆளு ஒருத்தர் ஏற்கெனவே இங்க டியூட்டியில கீறாரு" என்று தர்மகர்த்தாவிடமே சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

பூசாரி திருவாசிக்குப் பின்னால் வரிசையாக அகல் ஏற்றி வைத்தார். மின்விளக்கை அணைத்தார்கள். தூண், கொடி, அன்னம், வளைவு என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் ஊடுருவி ஏறி, உச்சியில் யாளி கண் திறந்தது. ஊர் ஜனம் "அம்மா தாயே" என்று கை தூக்கியது. குப்பத்துக்காரர்கள் கொடி, ஷமீம் அன்னம், அண்ணாவின் வளைவு, என் தூண், என் யாளி. நான்கு ஊர்க் கையும் ஒரே வெளிச்சத்தில் நின்றன. இவர்கள் என் ஆட்கள் என்று ஒவ்வொருவரையும் பிடித்துப் பிடித்துச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவ்வளவு பெருமை எனக்கு.

முனிரத்தினம் அண்ணா மட்டும் கை கூப்பவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு உச்சியையே பார்த்தார். இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"முகத்துல உசிரு கீது. கண்ணு ரெண்டும் ஒண்ணா வந்திருக்குது, அது லேசுல வராது" என்றார். நிறுத்தினார். "இடது கோரைப்பல்லுகிட்ட கோடு அலைஞ்சிருக்குது. பிளேடு லூசும்மா. இன்னும் ஒரு சுத்து திருகியிருக்கணும்."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாய்யா நீ? செத்துப் பொழைச்சு வந்து அறுத்திருக்கறா. சாமி முன்னால நின்னுக்கினு குத்தம் சொல்றியே!"

நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். நன்றாக அழுத்த முடிந்தது.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். "அது எனக்குக் குடுத்த பிரசாதம்."